நடு வருடத்தில் வேலை போனால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்? அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகள்

கேள்வி: ஜூலை 18ஆம் தேதி லே-ஆஃப் செய்துவிட்டார்கள் அண்ணா. இன்சூரன்ஸும் அன்றோடு முடிந்ததா?

பதில்: அது கம்பெனியைப் பொறுத்தது. சில இடங்களில் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும், சில இடங்களில் மாதக் கடைசி வரை ஓடும். எச்.ஆரிடம் தேதியை எழுத்தில் வாங்குங்கள். மார்க்கெட்பிளேஸில் (நாமே காப்பீடு வாங்கும் அரசுச் சந்தை) ஆதாரம் கேட்டால் அந்தக் கடிதம் உதவும்.

கேள்வி: கோப்ராவுக்கு (வேலை போன பிறகும் கம்பெனிக் காப்பீட்டையே சொந்தச் செலவில் தொடர விடும் சட்டம்) மாதம் 2,100 டாலர் கேட்கிறார்கள். சம்பளத்தில் 400தான் பிடித்தார்கள். இது என்ன அநியாயம்?

பதில்: மீதியை இத்தனை நாளும் கம்பெனி கட்டியது, நம் கண்ணில் படவில்லை. கோப்ராவில் முழுப் பிரீமியத்தோடு 2 சதவீதம் நிர்வாகச் செலவும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் உடனே முடிவெடுக்க வேண்டாம். யோசிக்க 60 நாள் உண்டு, எடுத்த பிறகு முதல் பணம் கட்ட 45 நாள். எப்போது எடுத்தாலும் பழைய காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும். ஐம்பதாவது நாள் கால் ஒடிந்தால்கூடப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். விட்ட மாதங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், அதை மறக்காதீர்கள். எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) பணத்தில் கட்டினால் வரி கிடையாது.

20 பேருக்குக் குறைவான கம்பெனிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பல மாநிலங்கள் அதற்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கின்றன.

கேள்வி: மார்க்கெட்பிளேஸ் நவம்பரில்தானே திறக்கும்?

பதில்: காப்பீடு இழந்தவர்களுக்கு எப்போதும் திறந்திருக்கும், நிற்பதற்கு முன் 60 நாளும் பின் 60 நாளும். ஜூலை 31இல் முடிகிறதென்றால் ஜூலைக்குள்ளேயே திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், ஆகஸ்ட் 1 முதல் செல்லும். பலர் இடறுவது இங்கேதான்: கோப்ரா எடுத்து, அந்த 60 நாள் தாண்டியபின் ‘கட்டுப்படியாகவில்லை’ என்று நீங்களாக விட்டால் இந்தக் கதவு திறக்காது. நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: மனைவி வேலை பார்க்கிறார். அவர் திட்டத்தில் சேரலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் இங்கே கெடு பொதுவாக 30 நாள்தான். இன்றைக்கே அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்த வருட டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை) 3,000 டாலரையும் கட்டி முடித்துவிட்டேன். செப்டம்பரில் அறுவை சிகிச்சை. எதற்கு மாறுவது?

பதில்: நானாக இருந்தால் டிசம்பர் வரை கோப்ராதான். புதிய திட்டத்தில் டிடக்டிபிள் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், உங்கள் சர்ஜன் அதன் நெட்வொர்க்கில் (அந்தத் திட்டம் ஏற்கும் மருத்துவர் பட்டியலில்) இல்லாமலும் போகலாம். டிசம்பர் 15க்குள் மார்க்கெட்பிளேஸில் பதிந்தால் ஜனவரி 1 முதல் மாறிக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். ‘ஷார்ட் டெர்ம்’ எனும் குறுகிய காலத் திட்டம் ரொம்ப மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தர முடியாது என்று அவர்கள் கைவிரிக்கலாம். மார்க்கெட்பிளேஸ் திட்டம் அப்படி மறுக்கவும் முடியாது, நோயைக் காட்டிப் பிரீமியத்தைக் கூட்டவும் முடியாது.

கேள்வி: நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: உண்டு. கோப்ராவும் எடுக்கலாம், மார்க்கெட்பிளேஸிலும் வாங்கலாம். விசாவுக்கும் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். விசாவுக்கு வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள், இன்சூரன்ஸுக்குக் காப்பீடு நின்ற நாளிலிருந்து. காலண்டரில் இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.