வயாபூரி என்றால் பழனிக்காரர்தானா?

திண்டுக்கல் வாசகி ஒருவரின் கேள்வி: மொரீஷியஸில் இருக்கும் நண்பரின் குடும்பப் பெயர் வயாபூரி. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்காகப் பூர்வீக ஊரைத் தேடுகிறார். "பெயரிலேயே ஊர் இருக்கிறது, பழனியில் பூர்வீகச் சான்று வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. வயாபூரி என்பது நம் வையாபுரிதான். பழனியின் பழைய பெயர். வையாபுரிக் குளம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் பழனியாண்டவரை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயரை எந்த ஊரிலும் வைப்பார்கள். தமிழ் லெக்சிகன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்தக் காலத்தில் கூலி வேலைக்கு மொரீஷியஸுக்குக் கப்பலேறியவரின் பெயரோ, அவர் அப்பா பெயரோ, குமாஸ்தா காதில் விழுந்தபடி பதிவாகிப் பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது. அங்கே குப்பன் 'கூப்பன்' ஆனதும் அப்படித்தான்.

இந்தப் 'பூர்வீகச் சான்று' ஆசாமிகளிடம் மிகவும் கவனமாக இருங்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் போனவருக்கு இன்றைய வி.ஏ.ஓ. எதைப் பார்த்துச் சான்று தருவார்? 2025 மார்ச்சில் ஏழாம் தலைமுறை வரை ஓ.சி.ஐ. என்று பிரதமர் அங்கே அறிவித்ததும் ஆசை காட்டுகிறவர்களுக்கு வசதியாகிவிட்டது.

உண்மையான வழி மொரீஷியஸின் மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகம். ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெயரைச் சொல்லித் தேடினால் வையாபுரிகள் வரிசையாக வருவார்கள்; எண்ணைச் சொன்னால் ஒருவர்தான். கப்பல், வயது, அப்பா பெயர், ஜில்லா, கிராமம் எல்லாம் அந்தப் பதிவில் கிடைக்கும்.

ஒரு விலக்கு உண்டு. 1834-க்குப் பிறகு வந்த கூலிகளுக்குத்தான் இந்த எண். அதற்கு நூறு வருடம் முன்பே, லா பூர்தொனே கவர்னராக இருந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து கொத்தர், தச்சர்களைக் கொண்டுபோய்ப் போர்ட் லூயி நகரில் வேலை வாங்கினார்கள். நண்பரின் முன்னோர் அவர்களில் ஒருவர் என்றால் கூலிப் பதிவேட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பழைய பிரெஞ்சுப் பதிவுகளைத்தான் புரட்ட வேண்டும். எண் இல்லை என்றதும் 'வம்சமே இல்லை' என்று மனம் உடைந்துவிடாதீர்கள்.

அப்புறம், எழுத்து விவகாரம். ஒரு சான்றில் ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், அதே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். அன்றைய குமாஸ்தா செய்த பிழைக்குக் கொள்ளுப்பேரன் எத்தனை வருடம் அலைவது? இந்தப் பெயர்களின் எழுத்து வேறுபாடுகளை ஒரே அட்டவணையாக்கி அலுவலகங்களுக்குக் கொடுக்க இரண்டு அரசுகளுக்கும் என்ன தடை?

நண்பரை முதலில் தாத்தா, பாட்டியின் திருமணப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போனால் எண் உள்ள ஆள் வந்துவிடுவார்.