மலைத் தோட்டம்: கேள்வி – பதில்

*ஜூனில் மழை பிடித்ததிலிருந்து வீட்டு முன்னால் புல்வெளி முழுக்கப் பாசி. புல்லே தெரியவில்லை. உரக்கடையில் யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?*
– வாசகி, ஃபெர்ன்ஹில், ஊட்டி

வேண்டாம் அம்மா. கொட்டுகிற மழையில் போடும் யூரியா பாதிக்கு மேல் ஓடைக்குத்தான் போகும். மிச்சத்தில் புல் தளதளவென்று வளர்ந்து, அடுத்த வாரமே பூஞ்சை பிடித்து அழுகும். கடைக்காரர் மூட்டை விற்கிறார், அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

பாசி வந்து புல்லைக் கொல்வதில்லை. புல் நலிந்து காலி செய்த இடத்தில்தான் அது குடியேறுகிறது. அதனால் புல் ஏன் நலிந்தது என்று பாருங்கள். நிழல், தண்ணீர்த் தேக்கம், மிதிபட்டு இறுகின மண், புளிப்பு மண், இந்த நாலில் ஏதோ ஒன்று இருக்கும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைப் புல்வெளியில் குத்துங்கள். இரண்டு அங்குலத்திலேயே நின்றுவிட்டால் மண் இறுகிவிட்டது. சுலபமாக இறங்கி, பிடுங்கும்போது குழியில் தண்ணீர் ஊறி நின்றால் வடிகால் இல்லை. பெரும்பாலும் கேட்டிலிருந்து வாசல்வரை எல்லோரும் நடக்கிற குறுக்கு வழியில்தான் பாசி அடர்த்தியாக இருக்கும். அங்கே நாலு கல் பதித்து நடைபாதை போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதி வேலை வெயில் தலைகாட்டும் நாளில். தோட்டத்து ஃபோர்க்கை நாலு அங்குல ஆழத்துக்குக் குத்தி, லேசாக ஆட்டி எடுங்கள். அரை அடிக்கு ஒரு குத்து. கைவலிக்கிற வேலைதான். பிறகு பருமணலைப் பரப்பித் துடைப்பத்தால் தள்ளி அந்தக் குழிகளில் இறக்குங்கள். பாசியைச் சுரண்டி எடுப்பது செப்டம்பரில், மழை ஓய்ந்தபின். இப்போது சுரண்டினால் வெறும் சேறுதான் மிஞ்சும்.

புளிப்பைக் குறைக்கிற சுண்ணாம்பு விஷயம்: நம் மண் தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண். பி.ஹெச். (புளிப்பு அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5-ஐ ஒட்டியே இருக்கும், புல்லுக்கு 6 பக்கம் வந்தால் நல்லது. ஊட்டியிலேயே மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது, ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். பொதுவாகச் சதுர மீட்டருக்கு 100 முதல் 150 கிராம் டாலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் பொடி) போதும். அதையும் யூரியாவையும் ஒரே சமயத்தில் போட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். நடுவில் சில வாரம் இடைவெளி விடுங்கள்.

*எல்லோரும் 'அக்டோபரில் புல்வெளிக்கு உரம் வையுங்கள்' என்கிறார்கள். வைத்தேன், அத்தனையும் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. என்ன தப்பு?*
– வாசகர், கோத்தகிரி

தப்பு உங்கள் பேரில் இல்லை. அது ஊட்டிக்காரர்களின் கணக்கு. ஒரே மாவட்டம்தான், ஆனால் நடுவில் தொட்டபெட்டா சிகரம் 2,600 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. அதற்கு மேற்கே ஊட்டி, அவலாஞ்சி, குந்தா, கூடலூர் பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிழக்குப் பக்கம் இருக்கிற உங்களுக்கும் குன்னூருக்கும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பர் நிலச்சரிவுகளை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் செப்டம்பர் முதல் பாதியிலேயே உரம் வைத்துவிடுங்கள். நன்றாக மக்கின தொழு உரத்தைச் சலித்து மெல்லிசாகத் தூவுங்கள், கூடவே கொஞ்சம் பொட்டாஷ். அக்டோபர் பிறந்தால் மண்ணைக் கொத்தவே கூடாது. சரிவில் வீடு இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. அந்த மாதங்களில் உங்களுக்கு இருக்கிற ஒரே தோட்ட வேலை, வாய்க்காலில் அடைத்த இலையை வாருவது. எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பேரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஊரைப் போடுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

*போன டிசம்பரில் உறைபனி விழுந்து புல் முழுக்கக் காய்ந்த வைக்கோலாகிவிட்டது. இந்த வருஷம் பிடுங்கிவிட்டு வேறு புல் நடலாமா?*
– வாசகர், தலைகுந்தா

பிடுங்காதீர்கள். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கிக்குயூ புல்லாக இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்த இனம். இலை கருகும், ஆனால் மண்ணுக்குள் ஓடுகிற தண்டு சாகாது. மாசி, பங்குனியில் ஒரு கோடை மழை பெய்தால் தானாகத் துளிர்க்கும். நீங்கள் பிடுங்க நினைத்தாலும் அது லேசில் போகாது, பக்கத்துக் காய்கறிப் பாத்தியில் போய் எட்டிப் பார்க்கும்!

பனி தெளிந்த வானத்தில், காற்றில்லாத இரவில்தான் விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். தலைகுந்தா, காந்தள் மாதிரிப் பள்ளங்களில் வெள்ளை விரிக்கும்போது மேட்டில் இருக்கிற வீடு தப்பிவிடும். நீர்ப்பனி தொடங்கியதும் புல் வெட்டுவதை நிறுத்துங்கள், இரண்டு அங்குல உயரம் இருக்கட்டும். உறைந்த புல்லில் யாரையும் நடக்க விடாதீர்கள். விறைத்த இலை காலடியில் நொறுங்கும், மத்தியானத்துக்குள் அந்தக் காலடி அப்படியே கறுப்பாகத் தெரியும். வெயில் மேலே படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட்டால் கருகல் பெரிதும் குறையும். தாவரவியல் பூங்காவில் விடியற்காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் பீய்ச்சுவது இதற்காகத்தான்.

பூச்செடிகளுக்குச் சாயங்காலமே சாக்கு போர்த்துங்கள். செடி மேல் படாமல் நாலு குச்சி நட்டு, அதன்மேல். பாலிதீன் வேண்டாம், அது இலையில் ஒட்டின இடமெல்லாம் கருகும். பூங்காவில் மிலார் செடியை வெட்டி மூடுவார்கள், கிடைத்தால் அது இன்னும் நல்லது. காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

*ரோஜா இலையில் கரும்புள்ளி விழுந்து எல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. இப்போதே கவாத்து செய்துவிடவா?*
– வாசகி, குன்னூர்

மழையில் கவாத்து வேண்டாம், வெட்டின காயத்தில் தண்ணீர் இறங்கிக் கிளை மேலிருந்து கருகும். ஜனவரி வரை பொறுங்கள். அப்போது வெட்டினால்தான் ஏப்ரல், மே மாதத்தில் பூக்கும். இப்போதைக்குப் புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி, கீழே உதிர்ந்ததையும் பொறுக்கி எரியுங்கள். பூஞ்சை அந்த உதிர்ந்த இலையில்தான் உட்கார்ந்திருக்கும், மழைத்துளி தெறிக்கும்போது மேலே ஏறும். தண்ணீர் விட்டால் வேரில் விடுங்கள், இலையில் வேண்டாம்.

கவாத்துக்குப் பிறகு ஒரு சத போர்டோ கலவை அடிக்கலாம். மயில்துத்தம் 10 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீற்றின சுண்ணாம்பு 10 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரையுங்கள். மண் சட்டியோ பிளாஸ்டிக் வாளியோ சரி, இரும்பு ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கிளறுங்கள். வான நீலம் வரும். அதில் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு கத்தியை ஒரு நிமிடம் வையுங்கள். கத்தியில் செம்புச் சிவப்பு படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை வெந்துவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, கத்தி சுத்தமாக வரும்வரை பாருங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

*பிங்க் ஹைட்ரேஞ்சியா என்று வாங்கினேன். அடுத்த வருஷம் நீலமாகப் பூக்கிறது. நர்சரியில் ஏமாற்றிவிட்டார்களா?*
– வாசகர், கொடைக்கானல்

இல்லை ஐயா. தொட்டியில் இருந்தவரை புளிப்பில்லாத கலவை, உங்கள் வீட்டில் மலை மண். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போனால் பூ நீலமாகும். பிங்க்தான் வேண்டுமென்றால் தொட்டியிலேயே வைத்து, வருஷத்துக்கு இருமுறை ஒரு கைப்பிடி டாலமைட் போடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நீலத்தையே வைத்துக்கொள்வேன். சமவெளிக்காரர்கள் ஆசைப்பட்டாலும் வராத நிறம் அது.

*ராத்திரி காட்டுமாடு வந்து புல்வெளியை மேய்ந்துவிட்டுப் போகிறது. என்ன செய்வது?*
– வாசகர், வெலிங்டன்

கிக்குயூ மேய்ச்சல் புல். அதைத் தேடித்தான் வருகிறது. டார்ச் அடித்து விரட்டப் போகாதீர்கள், ஆயிரம் கிலோ உருவம் அது. வராண்டா விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே இருங்கள். தினமும் வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காலையில் குளம்புக் குழிகளில் மணல் போட்டு நிரப்புங்கள். சாணத்தை வீணாக்க வேண்டாம், மக்க வைத்தால் செப்டம்பர் உரத்துக்கு ஆகும்.