முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கிற கண் டாக்டர் பக்கத்துல கிடைப்பாங்களா?

உங்க அம்மாவுக்கு கண்புரைன்னு வெச்சுக்கிட்டு சொல்றேன். வெறும் புரைன்னா அட்டைக்கு அலையவே வேணாம், மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியிலயே லென்ஸ் வெச்சு இலவசமா பண்றாங்க, இல்ல அரவிந்த் மாதிரி இடங்கள்ல இருந்து முகாம் போடுவாங்க, பஸ்ல கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் முடிச்சு கொண்டாந்து விட்டுடுவாங்க. ரெட்டினா, அதான் விழித்திரை, அது மாதிரி பெரிய செலவு வந்தாதான் அட்டையோட அருமை தெரியும்.

எங்கப்பாவுக்கு அதான் வந்துச்சு. பழைய சுகர், ஒருநாள் "கண்ணுக்குள்ள நூல் நூலா கருப்பா ஓடுதுடா"ன்னாரு, பார்த்தா உள்ள ரத்தக்கசிவு. பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, வாசல்லயே காப்பீட்டுத் திட்ட போர்டு, போன்ல கேட்டதுக்கும் "எடுப்போம் சார் வாங்க"ன்னுட்டாங்க. ஃபீஸ், ஸ்கேன், சொட்டு மருந்துன்னு எல்லாத்துக்கும் காசு வாங்கினப்புறம் கவுண்டர்ல இருந்த பொண்ணு "எங்களுக்கு எலும்புக்குத்தான் அனுமதி, கண்ணுக்கு இல்லைங்க"ன்னுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு... சரி விடுங்க, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்.

அதனால சும்மா "அட்டை எடுப்பீங்களா"ன்னு கேக்காதீங்க. இந்த பிராஞ்ச்ல, கண்ணுக்கு, இந்த ஆபரேஷனுக்கு அனுமதி இருக்கான்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி 1800 425 3993க்கு போட்டு உங்க மாவட்டத்துல கண்ணுக்கு எந்தெந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுடுங்க, காசில்லாத நம்பர்தான். நாங்க அப்புறம் அப்படித்தான் வேற ஊர்ல போய் சேர்ந்தோம், ரேஷன் கார்டு, ஆதார் நகலெல்லாம் வாங்கிட்டு அப்ரூவல் வர்ற வரைக்கும் உக்கார வெச்சாங்க, ஆபரேஷனுக்குன்னு ஒரு பைசா கேக்கல. ஆனா சும்மா செக்கப்புக்கு போற ஃபீஸ், கண்ணாடி, இதெல்லாம் அட்டையில வராது, அதை எதிர்பார்த்துப் போய் சண்டை போடாதீங்க.

உடனே நான் எந்தக் கட்சின்னு ஆராய்ச்சி பண்ண வேணாம். 2009ல ஆரம்பிச்சது ஒரு ஆட்சி, 2012ல பேரை மாத்தி நடத்தினது இன்னொரு ஆட்சி, 2018ல மத்திய அரசு திட்டத்தோட சேர்த்தாங்க, எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்.

எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்களைத்தான் தாங்க முடியல. "ஓசியில பண்ணா கண்ணு போயிடும்டா"ன்னு அப்பா காதுபடவே சொன்னாரு, அவ்ளோ அக்கறைன்னா பணத்தை எடுத்து நீட்ட வேண்டியதுதானே, பங்காளி நிலத்துல வரப்பை நகர்த்த மட்டும் கை நீளுது.

இன்னும் அட்டை எடுக்கலேன்னா வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னு வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்குப் போங்க. ரேஷன் கார்டுல அம்மா பேர் இருக்கான்னு மொதல்ல பாத்துக்கங்க.