நீங்கள் தூக்கினாலும் அம்மாவின் கை எழவில்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். சீனி வியாதியும் உண்டு. ஐந்து மாதமாக வலது தோளில் வலி. இப்போது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கூடையில் கொழுந்தைப் போடவே முடியவில்லை. விழவோ அடிபடவோ இல்லை. சவ்வு கிழிந்திருக்குமா? கையைக் கட்டி வைக்கலாமா?

பதில்: கட்டி வைக்காதீர்கள். அசையாத தோள் மேலும் இறுகும்.

முதலில் ஒரு சோதனை. அம்மாவை உட்காரவைத்து, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மணிக்கட்டைப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்புறம் திருப்புங்கள். இடது கை திரும்பும் அளவுக்கு வலது கை திரும்பாமல் பாதியிலேயே முட்டி நின்றால், மூட்டுறை இறுகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அவராகத் தூக்க முடியாத கை நீங்கள் தூக்கும்போது முழுதாக எழுந்தால், தசைநார் கிழிந்திருக்கலாம்.

தோள் குழியின் விளிம்பிலிருந்து மேற்கை எலும்பின் கழுத்து வரை மூட்டைச் சுற்றியிருக்கும் நார்ப்பையே மூட்டுறை. அக்குள் பக்கம் அது தளர்ந்து மடிந்திருக்கும். கை உயரும்போது அந்த மடிப்பு விரிந்துகொடுக்கும். உறை அழன்று தடித்தால் மடிப்பு ஒட்டிக்கொள்கிறது, மூட்டின் கொள்ளளவும் சுருங்குகிறது. இதுதான் உறைந்த தோள். 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்கும் சீனி வியாதிக்காரர்களுக்கும் அதிகம் வருகிறது. வலி, இறுக்கம், தளர்வு என்று நகர்ந்து, ஓரிரு ஆண்டில் பெரும்பாலும் இளகிவிடும். சீனி இருப்பவர்களுக்கு இன்னும் இழுக்கலாம்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களை மேலே நடத்துவது ஆகியவற்றைத் தினமும் சில தடவை செய்யட்டும். இலேசான இழுவை போதும். இரவெல்லாம் வலித்தால் அது மிகை. எண்ணெய் தேய்த்து யாரும் வெடுக்கென்று இழுக்க இடம்கொடுக்காதீர்கள்.

வைத்தியசாலையில் எக்ஸ்ரேயும் இரத்தச் சீனி, தைரொயிட் பரிசோதனைகளும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இயன்மருத்துவரையும் பாருங்கள். வலி மிகுந்த ஆரம்பக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி நன்றாக உதவும். ஆனால் சில நாட்களுக்குச் சீனி ஏறும் என்பதால் கிளினிக் கொப்பியைக் கட்டாயம் காட்டுங்கள்.

அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுமே என்று அம்மா வலியை மறைப்பார். கங்காணியிடம் நீங்களே பேசி, சில மாதத்துக்குப் பாரம் குறைந்த வேலை கேளுங்கள். ஈரச் சரிவில் விழுந்து தோள் இடம் பெயர்ந்தால் கதை வேறு. அப்போது மூட்டுறை உண்மையிலேயே கிழியக்கூடும். கையை இருந்தபடியே தாங்கிப் பிடித்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.