மூங்கில் கழியும் கொடிக்கயிறும்

கேள்வி: பதினொரு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே பெண்கள் பேருந்து ஓட்டுகிறார்கள். கல்யாணம் வேண்டாமென்று தனியாக வீடு வாங்கி இருக்கிறார்கள், யாரும் ஏனென்று கேட்பதில்லை. என் மனைவியும் வேலைக்குப் போகிறாள். மூங்கில் கழியில் துணி மாட்டி ஜன்னலுக்கு வெளியே செருகுவது நான்தான். கும்பகோணத்தில் என் அப்பா இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்கு வந்தால்தான் நம் பெண்கள் மரபை மீறுவார்கள் போலிருக்கிறதே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், செங்காங்

பதில்: துணி காயப்போடுவதற்கு ஒரு சபாஷ். மற்றதில் எனக்குச் சம்மதமில்லை.

காலை பதினொரு மணிக்கு உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். பி.இ. முடித்துச் சென்னையில் வேலை பார்த்தவர்கள் அதில் இருப்பார்கள். கணவர் வேலைக்கு வந்தார், இவர் டிபியில் வந்தார். டிபி என்றால் சார்ந்திருப்போர் அட்டை: பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. முன்பு கம்பெனி ஒப்புதல் கடிதம் வாங்கிக் கொடுத்தால் வேலைக்குப் போகலாம். 2021 மே மாதத்திலிருந்து, சொந்தத் தொழில் நடத்தும் சிலரைத் தவிர மற்றவர்களுக்குத் தனியாக வேலை அனுமதி கிடைத்தால்தான் உண்டு. ஊரில் சம்பளம் வாங்கியவர் இங்கே காய்கறிக்குக் கணவரிடம் கேட்டு நிற்கிறார். தனியாக வீடு வாங்குகிற பெண்ணும் வீவக என்கிற அரசு வீடமைப்புக் கழகத்தின் வீட்டுக்கு 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். ஜோடியாகப் போனால் 21 போதும்.

உங்கள் மனைவி வேலைக்குப் போவது நல்லது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது யார்? கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், 'மெய்ட் இருக்கிறார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் பிள்ளைக்குச் சோறூட்டும் அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு, அவர் ஊரில் யாரோ ஒரு பாட்டி ஊட்டிக்கொண்டிருக்கலாம். பணிப்பெண்ணுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்ற சட்டமே 2013-இல்தான் வந்தது. அதற்கும் காசு கொடுத்துச் சரிக்கட்ட இடமிருந்தது. அப்புறம் 2023-இல், மாதத்தில் ஒருநாளாவது கட்டாயம் விட வேண்டும் என்று இன்னொரு விதி போட்டார்கள். அடுப்படியில் நிற்பது இன்றும் பெண்தான். ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவே.

மீறியவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போங்கள். 1943-இல் இதே சிங்கப்பூரில் டாக்டர் லட்சுமி தலைமையில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படை உருவானபோது சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்தன. வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1961-இன் மாதர் சாசனம் என்ற சட்டமும் சும்மா வரவில்லை. ஊரில் ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம் என்று ஆண்கள் இருந்த காலம் அது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்க, பெண்கள் வருடக்கணக்காகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். செங்காங் மாடியில் உங்களைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? அம்மா இல்லை, சித்தப்பா இல்லை, "என்னடா, பொண்டாட்டி துணியைக் காயப்போடுறியா?" என்று கேட்க எதிர்வீட்டு மாமி இல்லை. அதனால் கழி உங்கள் கைக்கு வந்தது. அப்பா செய்யாததைச் செய்தவர் நீங்கள். மரபை மீறியது மனைவி என்று எழுதுகிறீர்கள்!

தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போவதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் கழி தேவையில்லை, மொட்டைமாடியில் கொடிக்கயிறு கட்டியிருக்கும். வேலை இன்னும் சுலபம். மாமி பார்க்கிற நேரமாகப் பார்த்து மனைவியின் புடவையை நீங்களே உதறிக் காயப்போடுங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.