குளக்கட்டில் குந்தியிருக்கும் பையன்

கேள்வி: எனக்கு 25 வயது, ஒட்டுசுட்டான் பக்கம். தொண்டு நிறுவனம் ஒன்றில் வெளிக்களப் பயிற்றுநராக இருக்கிறேன். சிறுவர் இல்லப் பிள்ளைகளையும் படிப்பை இடையில் விட்டவர்களையும் கூட்டிப்போய் வள்ளம் ஓட்டவும், காட்டுப் பாதையில் நடக்கவும், இரவில் கூடாரத்தில் தங்கவும் பழக்குகிறோம். 14 வயதுப் பையன் ஒருவன் மூன்று தடவையும் வள்ளத்தில் ஏறாமல் குளக்கட்டிலேயே குந்தியிருந்தான். மற்றவர்கள் நக்கலடிக்கிறார்கள். “தூக்கி ஏத்திவிடு, பயம் தெளிஞ்சிடும்” என்கிறார் எங்கள் பொறுப்பாளர். அம்மாவோ, “பிள்ளையளோட விளையாடுறது ஒரு வேலையோ?” என்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, அவனை ஏற்றிவிடாதீர்கள்.

எத்தனை மணிக்கு எழும்புவது, என்ன சாப்பிடுவது, யாரோடு படுப்பது என்று இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு எல்லாமே மற்றவர்கள் எடுத்த முடிவுகள்தான். ‘நான் ஏறமாட்டன்’ என்பது அவனே எடுத்த முடிவு. அதை ஒரு பெரிய ஆள் மதிப்பதை அவன் பார்க்கட்டும். பல வருடங்களுக்கு முன், பயந்து நின்ற ஒரு சிறுமியைக் கையைப் பிடித்து இழுத்து ஆற்றைக் கடக்க வைத்தேன். கடந்தாள், எல்லோரும் கைதட்டினோம். அதற்குப் பிறகு அவள் எங்களோடு வரவேயில்லை.

பொறுப்பாளருக்கு ஒன்று சொல்லுங்கள்: பயந்த பிள்ளை நடுக்குளத்தில் திடீரென எழும்பினால் வள்ளமே கவிழும். இது அவருக்கு விளங்கும்.

அவனுக்குக் கரையில் ஒரு உண்மையான வேலை கொடுங்கள். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அவன் எழுதட்டும். நீங்களும் தனியாக எண்ணுங்கள், பொறுப்பு உங்களுடையது. உயிர்காப்பு அங்கி அவனுக்கும் வேண்டும். நக்கலடிப்பதை அந்த இடத்திலேயே ஒரு வரியில் நிறுத்துங்கள், பிரசங்கம் வேண்டாம். அப்புறம், முடிச்சுப் போடத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாடு கட்டிய வீட்டுப் பிள்ளையோ கடற்கரைப் பிள்ளையோ என்றால் உங்களுக்கே ஒரு முடிச்சுச் சொல்லித் தருவான்.

இன்னொன்று. வேறு ஊர்களில் கூடாரம் என்றால் சுற்றுலா. வன்னியில் அப்படியில்லை. உங்கள் பிள்ளைகள் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்களைப் பெற்றவர்கள் தறப்பாளுக்குக் கீழே கிடந்தவர்கள், இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள். அதனால் ‘முகாம்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள், ‘இரவுத் தங்கல்’ என்றால் போதும். கண்ணைக் கட்டி நடக்க வைக்கும் விளையாட்டும், தூங்கும்போது விசில் அடித்து எழுப்புவதும் வேண்டாம். தண்ணீரோடு இந்தப் பையனுக்கு ஏதாவது நடந்ததா என்று இல்லப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அவனிடம் கிண்டாதீர்கள். அவனாகச் சொன்னால் கேளுங்கள், ஆனால் ‘ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது அவனைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் சிறுவர் உதவித் தொலைபேசி எண் 1929க்கு அழையுங்கள்.

பாதுகாப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பழகிய பாதையை விட்டு விலகக் கூடாது. மண்ணில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடக் கூடாது, போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். சந்தேகமான ஒன்றைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்பிப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். முதலை எந்தப் பக்கம் நடமாடுகிறது என்று அன்று காலையில் வலை இழுத்தவர்களைக் கேட்டுவிட்டு வள்ளத்தை இறக்குங்கள். ஐப்பசியில் முதல் இடி கேட்டதும் எல்லோரும் கரையில் நிற்க வேண்டும்.

அம்மாவின் கவலை நியாயமானது. ஒப்பந்த வேலை நாளைக்கே முடியலாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியும் உயிர்காப்பு நீச்சல் சான்றிதழும் கையில் இருந்தால் அடுத்த வேலை தேடும்போது உதவும். ஒரு நாள் அம்மாவையும் குளத்துக்குக் கூட்டிப்போங்கள்.

அடுத்த தடவை மற்றவர்கள் வள்ளத்தில் போனதும், கூட வரும் மற்றப் பயிற்றுநரிடம் அவர்களை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் அவன் பக்கத்தில் இருங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். கயிறு ஒன்றை இருவருக்கும் நடுவில் போட்டு வையுங்கள்.