தம்பி, காசு பிறகு அனுப்பலாம்

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். கிளிநொச்சியில் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் இந்த முறை பொறியியல் பட்டம் பெற்ற பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள், பழைய மாணவர்களிடம் காசு கேட்கிறார்கள், நீங்களோ பொறியியல் படித்துவிட்டுக் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து சில மாதம்தான், வேர்ஹவுசில் இரவு வேலை, வந்த கடனும் இருக்கிறது. கொடுக்காவிட்டால் ஊரில் என்ன நினைப்பார்கள், இப்படி ஒரு விழா தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காசு இப்போது அனுப்ப வேண்டாம். கடன்பட்டு ஊருக்குக் கொடுப்பதை ஊரே விரும்பாது.

ஆனால் விழா தேவை. இன்று பட்டம் வாங்கும் பிள்ளைக்கு 2009இல் ஏழெட்டு வயது இருக்கும். முள்ளிவாய்க்காலில் இருந்து தப்பி வந்து, மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரத்துக்குள் வாய்ப்பாடு பாடமாக்கிய பிள்ளைகள் இவர்களுக்குள் இருக்கிறார்கள். மாவட்ட ஒதுக்கீட்டில்தானே கம்பஸ் போனார்கள் என்று சிலர் இங்கேயும் கதைக்கிறார்கள், எனக்குக் கோபம் வரும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்பது உள்ளே போகும் வாசல் மட்டும்தான். போன பிறகு கொழும்புப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் ஒரே பரீட்சைத் தாள். உயர்தரப் பாடமான இணைந்த கணிதத்துக்கு ஒழுங்காக ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் இருந்து போய், அதுவரை தமிழில் படித்ததை ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அவர்கள். அதை ஊர் கூடிச் சொல்லத்தான் வேண்டும்.

கனடாவில் பொறியியல் முடிப்பவர்களுக்கு ஒரு சடங்கு வைத்து இரும்பு மோதிரம் போடுவார்கள், 1925இல் தொடங்கிய வழக்கம். எழுதும் கையின் சின்னவிரலில் இருக்கும், வரைபடத்தில் கையெழுத்து வைக்கும்போது தாளில் உரசும். இத்தனை வசதியுள்ள நாடே தன் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்கிறது.

விழாக்குழுவுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: விருந்தினர் பேச்சைக் குறைத்து, பட்டம் பெற்றவர்களைப் பேசவிடச் சொல்லுங்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுப்பது என்று யோசிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் இருத்தட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் பக்கத்திலேயே இருந்தும், அங்கே படித்த ஒருவரோடு ஒருநாளும் கதைக்காத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

நீங்கள் கொடுக்கக்கூடியது உங்கள் நேரம். பட்டத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல்தான் அந்தப் பிள்ளைகள் நிற்பார்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் (ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகளும் ஏற்கும் உடன்படிக்கை) முழு உறுப்பினரானது, ஆகவே தங்கள் துறையும் பட்டம் பெற்ற ஆண்டும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் 2023 முதல் பொறியியலாளர் உரிமத்துக்குக் கனடா அனுபவம் கட்டாயமில்லை, 48 மாத அனுபவம் வேண்டும், ஊரில் செய்த வேலையும் கணக்கில் வரும். வீதி வேலை, குளத் திருத்தம், எதுவானாலும் செய்ததைத் திகதியோடு எழுதிவைத்து, மேற்பார்வை செய்த பொறியியலாளரின் தொடர்பையும் விடாமல் வைத்திருக்க வேண்டும். (இது உங்களுக்கும்தான் தம்பி. இரவு வேலையோடு இதையும் கெதியாகத் தொடங்குங்கள். உரிமம் கைக்கு வரும்வரை இங்கே பொறியியலாளர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுவிடாதீர்கள், சட்டப்படி பிழை.) இதெல்லாம் உங்களுக்கு இப்போதுதான் சுடச்சுடத் தெரியும், வந்து பல வருடமான எங்களுக்குப் பாதி மறந்துபோச்சு. இங்கே சனி காலை ஒன்பது மணி என்றால் கோடையில் அங்கே மாலை ஆறரை, சூமில் இரண்டு மூன்று பேரை வைத்து நேர்முகத்தேர்வுப் பயிற்சி கொடுத்தாலே பெரிய உதவி.

வேலை சரிவந்து கடன் இறங்கிய பிறகு காசைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒருமுறை பெரிதாகக் கொடுப்பதைவிட, மாதாமாதம் சின்னத் தொகையாக, முதலாம் வருடப் பிள்ளை ஒருவரின் போர்டிங் வாடகைக்கோ, விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் இணைந்த கணித வகுப்புக்கோ போகட்டும். பதாகைக்கும் பொன்னாடைக்கும் கொடுக்க ஆட்கள் எப்போதும் இருப்பார்கள், வாடகைக்குத்தான் ஆள் குறைவு.

சரி, இன்றைக்கே குழுவுக்கு எழுதிப் பட்டம் பெற்றவர்களின் பெயர்ப்பட்டியலைக் கேளுங்கள். வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், சிவில் படித்த பிள்ளைகளோடு நான் கதைக்கிறேன்.